பத்துமலைக்கு இன்னும் எத்தனை கட்டை?
நெடும்பயணத்தில் பிள்ளைகளின் மனம் மகிழச் சில வழிகள்

தை மாதம் பிறந்துவிட்டால் நம் நாட்டின் நெடுஞ்சாலைகளுக்கும் ஒரு திருவிழாக் கோலம் வந்துவிடுகிறது. தெற்கே ஜோகூர் பாருவிலிருந்தும் வடக்கே கெடாவிலிருந்தும் புறப்படும் குடும்பங்கள் பத்துமலையையும், ஈப்போ கல்லுமலையையும், பினாங்கு தண்ணீர்மலையையும் நோக்கி விரைகின்றன. காரின் பின்பகுதியில் பால்குடமும் மஞ்சள் ஆடையும் சாப்பாட்டு அடுக்கும் பத்திரமாக ஏற்றப்படுகின்றன. விரதம் இருப்பவருக்கு இடம் ஒதுக்கப்படுகிறது. ஓட்டுநருக்குக் காப்பி கலந்து வைக்கப்படுகிறது. ஆனால், பின்னிருக்கையில் ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் அசையாது அமர்ந்திருக்க வேண்டிய பிள்ளைகளுக்காக நாம் எதை எடுத்து வைக்கிறோம்? பெரும்பாலான வீடுகளில் இக்கேள்விக்கு விடை ஒரு கைப்பேசியும் இரண்டு பொட்டலம் முறுக்கும்தான்.

இக்கட்டுரை அக்கேள்வியைப் பற்றியது. பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்பது சிறிய செய்திதானே என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். 2019 ஆம் ஆண்டுத் தைப்பூசப் பயணம் என் எண்ணத்தை மாற்றியது.

ஒரு கணம் தப்பியது

என் கடைசிப் பேரன் கைக்குழந்தையாக இருந்தபோது கடுங்காய்ச்சலால் பல நாள் மருத்துவமனையில் கிடந்தான். அவன் பிழைத்தெழுந்தால் மூன்றாண்டு பால்குடம் எடுப்பதாக என் மருமகள் பத்துமலையானுக்கு நேர்ந்துகொண்டாள். முதலாண்டு நேர்த்திக்கடனைச் செலுத்தவே 2019 இல் ஜோகூர் பாருவிலிருந்து நாங்கள் ஆறு பேர் புறப்பட்டோம். மகன் வண்டியை ஓட்டினான். மருமகள் நாற்பத்தெட்டு நாள் விரதத்தின் இறுதிக் கட்டத்தில் இருந்தாள். பத்து வயது மூத்தவள், ஏழு வயது நடுவன், நான்கு வயது கடைக்குட்டி ஆகிய மூவரும் என்னோடு பின்னால் இருந்தனர்.

யோங் பெங்கைக் கடக்கும் வரை கைப்பேசி பிள்ளைகளை ஆண்டது. அதன்பின் மின்கலம் தீர்ந்தது, சண்டை தொடங்கியது. சன்னல் ஓரம் யாருக்கு, கடைசி முறுக்கு யாருக்கு, யார் கால் யார் மேல் பட்டது என்று வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. படம் பார்த்துக்கொண்டே வந்த நடுவனுக்குத் தலை சுற்றி வாந்தி வேறு. விரதத்தால் களைத்திருந்த மருமகள் கண்களை மூடிக்கொண்டாள். பகோவைத் தாண்டியபோது பொறுமை இழந்த என் மகன், பிள்ளைகளை அதட்டுவதற்காக ஒரு கணம் தலையைப் பின்னால் திருப்பினான்.

அந்த ஒரு கணத்தில் முன்னே சென்ற பேருந்து வேகம் குறைத்தது. மகன் பிரேக்கை மிதித்தபோது வண்டி கிறீச்சிட்டு ஒரு பக்கமாக இழுத்து, பேருந்தின் பின்புறத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. கடைக்குட்டி அப்போது என் மடியில் இருந்தான். அவனை இறுகப் பற்றியிருந்த என் கைகள் ஆயர் குரோ ஓய்விடத்தை அடையும் வரை நடுங்கிக்கொண்டே இருந்தன.

ஓய்விடத்தில் வண்டி நின்ற பிறகும் யாரும் பேசவில்லை. நடுவன் மட்டும் மெல்லக் கேட்டான்: “தாத்தா, நாம சாமி கும்பிடத்தானே போறோம்? அப்புறம் ஏன் எல்லாரும் கோவமா இருக்கோம்?”

யாருடைய உயிருக்காக நேர்ந்துகொண்டோமோ, அந்த உயிரையே வழியில் இழந்திருப்போம். பிள்ளைகள் சலிப்படைவது இயற்கை. சலித்த பிள்ளைகளின் ஆரவாரம் ஓட்டுநரின் கண்ணைச் சாலையிலிருந்து இழுத்துவிடுவதும் இயற்கை. ஆகவே, பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஒரு வேலை கொடுத்து வைப்பது பெற்றோரின் கடமைகளுள் ஒன்று என்பதை அன்று உணர்ந்தேன்.

கட்டை எண்ணிய காலம்

ஓய்விடத்தில் அமர்ந்திருந்தபோது எனக்கு என் தந்தையாரின் நினைவு வந்தது. சிரம்பானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவும் தொழிலாளியாக இருந்தவர் அவர். தைப்பூசத்துக்குத் தோட்டமே திரண்டு லோரியில் ஏறும். பெரியவர்கள் ஓரமாகப் பிடித்துக்கொண்டு நிற்க, பிள்ளைகள் நடுவில் பாயின்மேல் அமர்ந்திருப்போம். அந்நாளில் நெடுஞ்சாலை கிடையாது. வளைந்து வளைந்து செல்லும் பழைய சாலைதான். சாலை ஓரத்து மைல்கல்லை நம்மவர்கள் ‘கட்டை’ என்பார்கள். மூன்றாங்கட்டை, ஆறாங்கட்டை என்று ஊருக்கே அது பெயராக நிலைத்த இடங்களும் உண்டு.

“இன்னும் எத்தனை கட்டை?” என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே தந்தையார் ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார். ஒவ்வொரு கட்டையையும் கடக்கும்போது ஒரு பிள்ளை முருகனுக்குரிய ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்ன பெயரை மறுமுறை சொல்லக் கூடாது. முருகன், கந்தன், குமரன், வேலன் என்று முதல் பத்துப் பெயர்கள் எளிதில் வந்துவிடும். கடம்பன், குகன், சேயோன், சரவணன், தண்டாயுதபாணி என்று அடுத்த பத்து சற்றே திணறும். அதற்குப் பிறகுதான் சுவாரசியம். பெரியவர்களின் காதுகளில் போய்க் கெஞ்சி ஒரு பெயரை இரவல் வாங்கி வருவோம். நாற்பது கட்டை கடந்து கோலாலம்பூர் வரும்போது எங்களுக்கு நாற்பது திருப்பெயர்கள் தெரிந்திருக்கும். களைப்பு மட்டும் தெரிந்திருக்காது.

ஆயர் குரோவிலிருந்து வண்டி மீண்டும் புறப்பட்டபோது அந்த ஆட்டத்தைத்தான் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கட்டைக்குப் பதிலாக நெடுஞ்சாலையோரத்துக் கிலோமீட்டர் பலகை. பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு பெயர். சிரம்பானை நெருங்குவதற்குள் முன்னிருக்கையிலிருந்து மருமகளின் குரல் வந்தது: “மயில்வாகனன்! இதை இன்னும் யாரும் சொல்லலையே!” அன்றைய பயணத்தில் அவள் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

அதன்பின் வந்த பயணங்களில் நாங்கள் செய்து பார்த்துப் பயன் கண்டவற்றைப் பெற்றோர்களின் கவனத்துக்கு இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

புறப்படுவதற்கு முன்

முதலாவது, இருக்கை. நம் நாட்டில் பின்னிருக்கையில் இருப்பவர்களும் பாதுகாப்பு வார் அணிவது 2009 ஆம் ஆண்டிலிருந்து கட்டாயமாகும். சிறு பிள்ளைகளுக்கான தனி இருக்கை 2020 ஆம் ஆண்டு சனவரியிலிருந்து கட்டாயமாக்கப்பட்டது. சட்டத்துக்காக மட்டும் இதைச் செய்ய வேண்டாம். மடியிலிருக்கும் பிள்ளையைத் திடீரென வண்டி நிற்கும்போது எத்தனை வலிய கையாலும் பிடித்து வைக்க இயலாது. என் கைகள் அன்று பிடித்துவிட்டன என்றால் அது இறைவன் திருவருளேயன்றி என் திறமையன்று. தனக்கென்று உயரமான ஓர் இருக்கை கிடைத்ததும் கடைக்குட்டிக்குச் சன்னல் வழியே உலகம் தெரிந்தது, அழுகையும் குறைந்தது.

இரண்டாவது, புறப்படும் நேரம். பிள்ளைகள் உறங்கிக்கொண்டே வருவார்கள் என்று நள்ளிரவில் புறப்படுவோர் பலர். பின்னிரவு இரண்டு மணி முதல் விடியல் வரையிலும், நண்பகல் உணவுக்குப் பிறகும் மனித உடலை உறக்கம் அழுத்துவது இயல்பு. பிள்ளைகள் உறங்கும் நேரத்தில் ஓட்டுநரும் உறங்கிவிடக் கூடாதன்றோ? முன்னிரவில் நன்றாக உறங்கி, விடியலில் நீராடி, வீட்டுப் பூசையறையில் வணங்கிப் புறப்படுவதே எங்களுக்கு ஏற்றதாக அமைந்தது.

மூன்றாவது, பொறுப்புப் பகிர்வு. வேலை இருக்கும் பிள்ளை வம்புக்குப் போவதில்லை. எங்கள் வண்டியில் மூத்தவள் ‘வழிகாட்டி’. வரைபடத்தைப் பார்த்து அடுத்த ஓய்விடத்தின் பெயரை அறிவிப்பாள். நடுவன் ‘பண்டசாலைக்காரன்’. தின்பண்டப் பை அவன் பொறுப்பு. யாருக்கு எப்போது கொடுப்பது என்பதை அவனே முடிவு செய்வான். கடைக்குட்டி ‘மணியக்காரன்’. டோல் சாவடி கண்ணில் பட்டதும் மணி அடித்து அறிவிப்பது அவன் தொழில். ஒரு வெள்ளியில் வாங்கிய சிறு மணிதான் அது.

வயிறும் தலையும்

பயணத்தில் பிள்ளைகளுக்கு வரும் தலைச்சுற்றலும் வாந்தியும் பல குடும்பங்களின் மகிழ்ச்சியைக் கெடுத்துவிடுகின்றன. இதன் காரணம் எளியது. உட்காது உடலின் அசைவை உணர்ந்து மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ மடியில் இருக்கும் அசையாத புத்தகத்தையோ கைப்பேசியையோ பார்த்து, ‘நாம் அசையவில்லை’ என்கிறது. இந்த இரண்டு செய்திகளும் முரண்படும்போது மூளை குழம்புகிறது, வயிறு புரட்டுகிறது. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளே இத்தொல்லைக்கு மிகுதியாக ஆளாகின்றனர்.

ஆகவே, தூரத்து மலையையும் அடிவானத்தையும் பார்க்கச் செய்யும் ஆட்டங்களே காருக்கு ஏற்றவை. படம் வரைவதும் எழுதுவதும் ஓய்விடத்துக்கு உரியவை. வண்டியில் காற்றோட்டம் வேண்டும். வாசனைத் திரவியத்தின் நெடி கூடாது. எண்ணெய்ப் பலகாரங்களைக் குறைத்து, இட்லி, சப்பாத்தி, வாழைப்பழம் போன்ற எளிய உணவைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். இஞ்சி மிட்டாய் பல பிள்ளைகளுக்கு ஆறுதல் தருகிறது. இவற்றுக்கும் அடங்காவிடில் புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு மருந்து வைத்துக்கொள்வது நன்று.

விரதக் குடும்பங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓய்விடத்து உணவுக் கடைகள் அனைத்திலும் சைவ உணவு கிடைக்கும் என்று எண்ணிச் செல்ல முடியாது. பசித்த பிள்ளை கோழி வறுவலின் மணத்தில் அடம் பிடிக்கும்போது விரதமிருக்கும் தாயின் மனமும் வாடும். புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் வாழையிலையில் கட்டி எடுத்துச் சென்றால் அந்தத் தொல்லை இல்லை. பொட்டலத்தைப் பிரித்து எல்லாரும் சுற்றி அமர்ந்து உண்பதே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுத்தான்.

சாலையே பாடப் புத்தகம்

விளையாட்டுக்கு வெளியே எங்கும் பொருள் தேட வேண்டியதில்லை. 1994 ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலை, ஜோகூர் பாருவையும் தாய்லாந்து எல்லையிலுள்ள புக்கிட் காயு ஹீத்தாமையும் இணைக்கிறது. அதன் இரு மருங்கிலும் பிள்ளைகளுக்கான பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன.

வாகன எண் பலகைகளை எடுத்துக்கொள்வோம். ‘ஜே’ என்ற எழுத்தில் தொடங்கினால் ஜோகூர், ‘எம்’ மலாக்கா, ‘என்’ நெகிரி செம்பிலான், ‘பி’ சிலாங்கூர், ‘சி’ பகாங், ‘டி’ கிளந்தான். பேராவுக்கும் பினாங்குக்கும் பெர்லிசுக்கும் ஒரே முதலெழுத்து என்பதால் குழப்பம் வரும்; ஆகவே பினாங்கு ‘பீ’ என்னும் ஒலியுடைய அந்த எழுத்தை வைத்துக்கொள்ள, பேராவுக்கு ‘ஏ’, பெர்லிசுக்கு ‘ஆர்’. கோலாலம்பூருக்கு ‘டபிள்யூ’, அண்மைக் காலத்தில் ‘வி’யும் சேர்ந்துள்ளது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, அம்மாநில வண்டிகளை எண்ண வேண்டும். ஜோகூரிலிருந்து புறப்படும்போது ஜோகூரைத் தேர்ந்தவனே முன்னணியில் இருப்பான். சிரம்பானுக்கு அப்பால் ஆட்டம் தலைகீழாக மாறும். பத்துமலையை நெருங்கும்போது எல்லா மாநிலங்களின் எண்களும் கண்ணில் படும். ‘இத்தனை ஊர்க்காரர்களும் நம்மைப் போலத்தான் முருகனைப் பார்க்க வந்திருக்கிறார்களா?’ என்று நடுவன் வியந்தபோது, திருவிழா என்பதன் பொருளை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஊர்ப் பெயர்களும் அவ்வாறே. சுங்கை என்றால் ஆறு. புக்கிட் என்றால் குன்று. தஞ்சோங் என்றால் நிலமுனை. கோலா என்றால் ஆற்றின் முகத்துவாரம் அல்லது ஆறுகள் கூடுமிடம். ஆயர் என்றால் நீர். இவற்றைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, வழியில் வரும் பெயர்ப் பலகைகளுக்குத் தமிழில் பெயர் சூட்டச் சொல்லுங்கள். எங்கள் வண்டியில் சுங்கை பீசி ‘இரும்பாறு’ ஆயிற்று. தஞ்சோங் மாலிம் வழியாகச் செல்வோருக்கும் பட்டர்வொர்த் வழியாகச் செல்வோருக்கும் தங்கள் தங்கள் வழியில் விருந்து உண்டு.

‘பத்துமலை’ என்பதில்தான் வேடிக்கை. “பத்து மலைன்னா மீதி ஒன்பது மலை எங்கே தாத்தா?” என்று கேட்டான் கடைக்குட்டி. ‘பத்து’ என்பது மலாய் மொழியில் கல்லைக் குறிக்கும். அருகே ஓடும் ஆற்றுக்கும் அதுவே பெயர். ஆற்றின் பெயர் மலைக்கும் ஆயிற்று. நம் நாவில் அது பத்துமலை என்று இனிக்கிறது என்று விளக்கினேன். முற்காலத்தில் மைல்கல்லையும் மலாய்க்காரர்கள் ‘பத்து’ என்றே அழைத்தனர் என்று சேர்த்துச் சொன்னேன். “அப்போ கட்டையும் பத்தும் ஒண்ணுதானா!” என்றாள் மூத்தவள். அவள் தேசியப் பள்ளியில் படிப்பவள். இரண்டு மொழிகளும் ஒரே சாலையில் கைகோத்து நடப்பதை அன்று அவளாகவே கண்டுகொண்டாள்.

தமிழ் வளர்க்கும் ஆட்டங்கள்

உயிர்மெய் வரிசை ஆட்டம் எங்கள் வண்டியில் மிகுந்த செல்வாக்குப் பெற்றது. ககர வரிசையை எடுத்துக்கொண்டால் முதல் ஆள் கல், அடுத்தவர் கார், அடுத்தவர் கிளை, பிறகு கீற்று, குன்று, கூரை என்று இயன்றவரை சாலையில் கண்ணுக்குத் தெரியும் பொருளாகச் சொல்லிச் செல்ல வேண்டும். கை வரிசைக்குக் கைகாட்டி, கொகரத்துக்குக் கொடி, கோவுக்குக் கோவில். ‘கௌ’ வந்ததும் அனைவரும் திகைப்பர். அங்கே ‘கௌதாரி’ என்று சொல்லிக் காப்பாற்றுபவருக்குப் பண்டசாலைக்காரன் இரட்டைப் பங்கு கொடுப்பான். தமிழ்ப்பள்ளியில் படிக்காத பிள்ளைகளும் எழுத்து வரிசையைக் காதாலேயே கற்றுக்கொள்ள இதைவிட எளிய வழி வேறு இல்லை.

எண்ணிக்கையில் ஓர் ஆட்டம் உண்டு. ஆறுமுகனுக்கு உரியது ஆறு. ஒன்று, இரண்டு என வரிசையாக எண்ணிவருகையில் ஆறின் மடங்கு வருமிடத்தில் எண்ணைச் சொல்லாது ‘வேல்’ என்று சொல்ல வேண்டும். ஐந்து, வேல், ஏழு என்று தொடங்கி, பதினொன்று, வேல், பதின்மூன்று என்று போகும். தவறியவர் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். பெரிய பிள்ளைகளுக்குப் பதினாறு, இருபத்தாறு ஆகியவற்றுக்கும் ‘வேல்’ என்று விதியைக் கடினமாக்கலாம். வாய்ப்பாட்டுக்கு அஞ்சும் பிள்ளையும் அறுபது வரை தவறாது சொல்லிவிடுவான்.

விடுகதைக்கு ஈடு இணை இல்லை. பழைய விடுகதைகளோடு பிள்ளைகளையே புதிதாகக் கட்டச் சொல்லலாம். எங்கள் வண்டியில் பிறந்த மூன்றை இங்கே தருகிறேன். “கத்தியால் கீறினாலும் கோபம் கொள்ளான்; கிண்ணம் நிறைய வெள்ளை தருவான்; அவன் யார்?” பால்மரம். “ஒற்றைக் கைக்காரன் வழியை மறிப்பான், காசு விழுந்ததும் கையைத் தூக்கிக் கும்பிடுவான், அவன் யார்?” டோல் சாவடித் தடுப்பு. “ஏற ஏறக் குறைவேன், இறங்க இறங்கக் கூடுவேன், நான் யார்?” மலை உச்சிக்கு மீதமுள்ள படிகள். மூன்றாவது நடுவனின் சொந்தச் சரக்கு.

சாவடிக்குச் சாவடி ஒரு கதை

திருத்தலப் பயணத்தில் திருத்தலத்தின் கதையைச் சொல்லாமல் போவது பொருந்தாது. ஆனால், ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடாதீர்கள். ஓய்விடத்துக்கு ஓய்விடம் ஒரு பகுதி என்று வளர்த்துச் செல்ல வேண்டும்.

இடும்பன் கதை இதற்கு மிகவும் ஏற்றது. அகத்திய முனிவரின் ஆணைப்படி சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளையும் இடும்பன் காவடியாகக் கட்டித் தோளில் தூக்கிப் புறப்பட்டது முதல் பகுதி. களைப்பாற இறக்கி வைத்த குன்று மீண்டும் எழும்ப மறுத்ததும், அதன்மேல் ஒரு சிறுவன் நின்றுகொண்டிருந்ததும் இரண்டாம் பகுதி. இங்கே நிறுத்திவிடுங்கள். ‘அந்தச் சிறுவன் யார்?’ என்று அடுத்த ஓய்விடம் வரை பிள்ளைகள் வாதிட்டுக்கொண்டே வருவர். போரில் இடும்பன் வீழ்ந்ததும், மனைவி இடும்பியின் வேண்டுதலால் உயிர் பெற்றதும், முருகனின் காவலனாக நிலைபெற்றதும் மூன்றாம் பகுதி. வடக்கே செல்லும் குடும்பங்கள் இதை ஈப்போவின் சுண்ணாம்புக்கல் மலைகளைக் கடக்கும்போது சொல்லலாம். “இடும்பன் இதைத்தான் தூக்கிக்கிட்டு வந்தானா?” என்ற கேள்வி தவறாமல் வரும். தெற்கிலிருந்து வருவோருக்கு இறுதியில் பத்துமலையே காத்திருக்கிறது.

மாம்பழக் கதையும் பயணக் கதைதான். மயிலேறி உலகைச் சுற்றிய தம்பி ஒரு பக்கம். பெற்றோரைச் சுற்றிப் பழத்தைப் பெற்ற அண்ணன் மறுபக்கம். “யார் செய்தது சரி?” என்று கேட்டுவிட்டுப் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எங்கள் வண்டியில் இவ்வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை.

பொழுதுபோக்கோடு பாதுகாப்பும்

திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிடுமோ என்ற அச்சம் எல்லாத் தாய்மார்களுக்கும் உண்டு. அதற்கான பயிற்சியைக் காரிலேயே விளையாட்டாகக் கொடுத்துவிடலாம். தாயின் கைப்பேசி எண்ணைப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரு மெட்டில் அமைத்துப் பாட வையுங்கள். மூன்று மணி நேரப் பயணத்தில் நான்கு வயதுப் பிள்ளையும் அதை மனனம் செய்துவிடும். “வழி தவறினால் யாரிடம் போவாய்? உன் அம்மாவின் முழுப்பெயர் என்ன?” என்று நாடகம் போல் நடித்துப் பாருங்கள். எண்ணை எழுதிய அட்டை ஒன்றும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

பத்துமலைக் குரங்குகளைப் பற்றியும் வழியிலேயே சொல்லிவிட வேண்டும். கையில் நெகிழிப் பையையோ தின்பண்டத்தையோ கண்டால் அவை பறித்துவிடும். பயணத்தின் இறுதியில் பண்டசாலைக்காரன் கணக்கை முடித்துப் பையை வண்டியிலேயே வைத்துவிடுவது எங்கள் வழக்கம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்விடத்தில் நில்லுங்கள். மச்சாப், பகோ, ஆயர் குரோ, சிரம்பான் என்று இடங்கள் உள்ளன. நின்ற இடத்தில் பிள்ளைகள் ஓடட்டும், குதிக்கட்டும். சாலையோர அவசரத் தடத்தில் மட்டும் பிள்ளையின் இயற்கை உபாதைக்காகக்கூட இயன்றவரை நிறுத்த வேண்டாம். உறங்கும் பிள்ளையை வண்டியில் விட்டுவிட்டு ‘ஐந்து நிமிடம்தானே’ என்று இறங்குவது பேராபத்து. வெயிலில் மூடிய காரின் வெப்பம் பத்து நிமிடத்திலேயே ஏறத்தாழ பத்துப் பாகை உயர்ந்துவிடும்.

கைப்பேசியை முற்றாக விலக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நெரிசலில் வண்டி ஊர்ந்து, ஆட்டங்களும் தீர்ந்து, அனைவரும் களைத்துப்போன நேரத்தில் அரை மணி நேரப் படம் ஒரு வரப்பிரசாதம். அது கடைசித் துணையாக இருக்கட்டும்; முதல் துணையாக இருக்க வேண்டாம். கோலாலம்பூரை அடைந்த பின்னும் நெரிசலில் வாட விரும்பாதோர் வழியில் ஏதேனும் ஒரு நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு, கொமுட்டர் இரயிலில் ஏறலாம். 2010 ஆம் ஆண்டிலிருந்து அது பத்துமலை அடிவாரம் வரை செல்கிறது. ஐந்து மணி நேரம் காரில் கட்டுண்டு கிடந்த பிள்ளைகளுக்கு இரயில் ஏறுவது தனியொரு திருவிழா.

திரும்பி வரும் வழி

போகும் வழிக்கு ஆயத்தம் செய்வோர் திரும்பும் வழியை மறந்துவிடுகின்றனர். இரவெல்லாம் கண்விழித்து நடந்த உடல்கள் அவை. பிள்ளைகள் உறங்கட்டும், ஆட்டம் எதுவும் வேண்டாம். ஓட்டுநரும் உறங்கி எழுந்த பிறகே வண்டியைக் கிளப்ப வேண்டும். விழித்திருக்கும் பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இன்று நீ பார்த்தவற்றில் எது உனக்கு மறக்காது?” தேரும் காவடியும் என்று விடை வரும் என எதிர்பார்ப்போம். எங்கள் மூத்தவள் 2019 இல் சொன்ன விடை வேறு: “அம்மா பால்குடத்தோட படியேறினப்போ, அப்பா செருப்பில்லாம பின்னாலேயே வந்தார். அம்மா கால் தடுமாறினா பிடிக்கணும்னு கையை நீட்டிக்கிட்டே வந்தார்.” முன்னிருக்கையில் என் மகன் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்துக் கண்ணாடியில் பார்த்து, “காலையில அப்பா கத்தினது தப்புடா” என்றான் பிள்ளைகளிடம்.

இரண்டாம் பால்குடம் 2020 இல் நிறைவேறியது. பெருந்தொற்றினால் 2021 இல் நாங்கள் வீட்டிலேயே இருந்தோம். அன்று மாலை கடைக்குட்டி நாற்காலிகளை இரண்டிரண்டாக வரிசையாகப் போட்டு, மணியை அடித்து, எங்கள் அனைவரையும் ஏறச் சொன்னான். வரவேற்பறையிலேயே பத்துமலைக்குப் போய் வந்தோம். முருகன் பெயர்களில் ஒன்றுகூடக் குறையவில்லை.

மூன்றாம் பால்குடம் 2023 இல் செலுத்தப்பட்டது. 2019 இல் தந்தையின் தோளில் ஏறி மலைக்குப் போன கடைக்குட்டி, எட்டு வயதுப் பிள்ளையாகத் தாயின் அருகில் நடந்தான். 272 படிகளையும் அவன் எண்ணிக்கொண்டே ஏறினான். ஆறின் மடங்குகளில் மட்டும் எண் வரவில்லை, ‘வேல்’ என்று வந்தது. பின்னால் ஏறிவந்த முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துப் பிள்ளைகளும் சற்று நேரத்தில் அவனோடு சேர்ந்து எண்ணத் தொடங்கிவிட்டனர்.

நம் பெற்றோர் லோரியிலும் பேருந்திலும் நம்மை அழைத்துச் சென்றபோது அவர்களிடம் வசதி இல்லை. நேரம் இருந்தது, கதை இருந்தது. நம்மிடம் குளிரூட்டிய கார் இருக்கிறது. அகன்ற நெடுஞ்சாலை இருக்கிறது. அவர்கள் தந்த கதையையும் ஆட்டத்தையும் அதில் ஏற்றிக்கொண்டால் போதும். கோவிலுக்குப் போகும் வழியே பிள்ளைகளுக்கு வழிபாட்டின் முதற்படியாகிவிடும்.

இவ்வாண்டும் ஆயிரமாயிரம் குடும்பங்கள் புறப்பட ஆயத்தமாகி வருகின்றன. வார் அணிந்து, நிதானமாக ஓட்டி, பிள்ளைகளோடு பேசிக்கொண்டே செல்லுங்கள். “இன்னும் எத்தனை தூரம்?” என்ற கேள்வி எழும்போது, “நீ ஒரு பெயர் சொல், ஒரு கட்டை குறையும்” என்று சொல்லிப் பாருங்கள். அனைவரும் நலமே சென்று நலமே திரும்ப வேலும் மயிலும் துணை நிற்கட்டும்.